எந்த அப்துல்லாஹ்?

எங்கள் வீட்டில் குழந்தையின் பெயரைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. சண்டை வந்ததே அதனால்தான்.

என் தம்பி ஸிமாக்கின் மனைவி உனைஸா, கூஃபா நகரத்துப் பெண். அவள் உண்டாகியிருக்கும் சேதி தெரிந்ததும் என் வாப்பா பக்கார், கூஃபாவுக்குப் பேரீச்சம்பழம் ஏற்றிப் போகும் படகுக்காரனைப் பிடித்துச் சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினார். "ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா அப்துல்லான்னு வெக்கலாம்னு இருக்கோம், அந்தப் பெரியவங்க ஞாபகமா. சம்பந்திக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வா." சம்பந்தி ஸுவைத் அதே படகுக்காரனிடம் பதில் சொல்லிவிட்டார். "பஸ்ராக்காரங்களுக்கு இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. ஆயிரம் தடவை சம்மதம்னு சொல்லு." முதல் பாதி வாப்பாவுக்குக் கொஞ்சம் உறைத்தது. இரண்டாம் பாதியில் உச்சி குளிர்ந்துபோனார்.

அன்றைக்கே யாராவது "எந்த அப்துல்லாஹ்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் தோன்றாது. நபித்தோழர்களில் அப்துல்லாஹ் என்ற பெயர்க்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பள்ளிவாசல் தூணடியில் உட்கார்ந்திருக்கும் ஆலிம்கள்கூடக் கைவிரல் தீர்ந்து கால்விரலுக்குப் போவார்கள். ஆனால் எங்கள் பஸ்ராவில் வெறுமனே "அப்துல்லாஹ் சொன்னார்கள்" என்றால் அது அப்பாஸின் மகன், அதாவது இப்னு அப்பாஸ். எங்களுக்கு ஆளுநராக இருந்து, குர்ஆனுக்கு விளக்கம் சொன்னவர். கூஃபாவில் அதையே சொன்னால் மஸ்ஊதின் மகன். அந்த ஊருக்கு ஓதக் கற்றுக்கொடுக்க வந்தவர். மதீனாவில் உமரின் மகன். மிஸ்ர் என்னும் எகிப்து தேசத்தில் அம்ரின் மகன். ஒவ்வோர் ஊருக்கும் தனக்குப் பாடம் சொன்னவர் மட்டும் சும்மா அப்துல்லாஹ். மற்ற ஊர்க்காரருக்குத்தான் அப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் அர்வா. ஸிமாக்குக்கு மூத்தவள். கணவன் மவுத்தான பிறகு வாப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். வந்த வாரமே சாவிக்கொத்து என் இடுப்புக்கு ஏறிவிட்டது. எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று தெருவே சொல்லும். தெருவுக்கென்ன, அது இந்த இரண்டு ஆண்களோடு குடித்தனம் செய்து பார்த்ததில்லை. ஒருவர் வாயைத் திறந்தால் மூட மாட்டார். இன்னொருவன் திறக்கவே மாட்டான்.

ஸிமாக் எங்கள் பேரீச்சந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவன். மரங்களோடு பேசுவான் என்று நினைக்கிறேன், மனிதர்களோடு பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. வெளியே கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்றுகூடச் சொல்ல மாட்டான். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டான், அவ்வளவுதான். அவன் கல்யாணத்தின்போது சம்மதம் கேட்ட காஜி மூன்றாவது முறை கேட்டும் பதில் வராமல், "மாப்பிள்ளைக்குக் காது கேக்குமா?" என்று என்னிடம் விசாரித்தார்.

உனைஸாவை அவனுக்குக் கட்டிவைத்தது இரண்டு கிழவர்களும் ஹஜ்ஜில் போட்ட நட்பு. ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். வாப்பாவின் பேரீச்சம்பழத்தை ஸுவைத் சாப்பிட்டார். ஸுவைத் கொண்டுவந்த கூஃபா பட்டுத் துண்டை வாப்பா தலையில் கட்டிக்கொண்டார். ஊருக்கு வந்தபோது என்னிடம் அவர், "கூஃபாக்காரன்தான், ஆனாலும் நல்ல மனுஷன்" என்றார். அந்தப் பக்கம் ஸுவைதும் இதையே ஊரை மாற்றிச் சொல்லியிருப்பார்.

பிரசவத்துக்குச் சில நாள் முன்பே ஸுவைத் வந்து இறங்கினார். சொந்தப் படகு, சொந்த ஆடு. ஆண் குழந்தைக்கு ஏழாம் நாள் இரண்டு ஆடு அறுப்பது வழக்கம், அதில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று கூஃபாவிலிருந்தே ஒரு கிடாயை ஏற்றி வந்திருந்தார். எங்கள் ஊரில் ஆடு கிடைக்காது என்பதுபோல. வாப்பா விடுவாரா, சந்தையிலேயே பெரிய கிடாயாகத் தேடி வாங்கி வந்தார். முற்றத்தின் இந்த மூலையில் பஸ்ரா கிடாய், அந்த மூலையில் கூஃபா கிடாய். கயிறு நீளமாக இருந்ததால் இரண்டும் நடுவில் சந்தித்து ஒன்றின் தழையை ஒன்று தின்றுகொண்டிருந்தன.

பிள்ளை பிறந்தான். ஆண். இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஐந்து நாளும் ஒரே கொண்டாட்டம். "எங்க அப்துல்லா" என்று ஒருவர் தொட்டிலை ஆட்டினால், "என் கண்ணு அப்துல்லா" என்று மற்றவர் வாங்கி ஆட்டுவார். ஆறாம் நாள் மதியச் சாப்பாட்டில்தான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

சுட்ட கெண்டையும் அரிசி ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஸுவைத் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு துணியை விலக்கி, அதன் காலைப் பிடித்துக் காட்டினார்.

"பக்கார், இந்தக் காலைப் பாருங்க. குச்சி குச்சியா இருக்கு. பேருக்கேத்த பிள்ளைதான்."

"பேருக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் வாப்பா, வாயில் மீனோடு.

"தெரியாத மாதிரிக் கேக்குறீங்களே. அவங்க காலு அவ்வளவு மெலிசுல்ல. பல்லுக்குச்சி ஒடிக்க மரத்துல ஏறினப்ப காத்துல துணி விலகி, பாத்தவங்கல்லாம் சிரிச்சுட்டாங்க. நபியவங்க என்ன சொன்னாங்க? அந்தக் காலு ரெண்டும் மறுமைத் தராசுல உஹது மலையை விடக் கனம்னாங்க. நெனச்சா இப்பவும் எனக்குக் கண்ணு கலங்குது."

வாப்பா வாயிலிருந்த மீனை மென்று முடித்தார். "அது இப்னு மஸ்ஊத்."

"ஆமா. இப்னு மஸ்ஊத்தான். வேற யாரு?"

"நான் சொன்னது இப்னு அப்பாஸை."

முற்றத்தில் கிடாய்கள் தழை மெல்லும் சத்தம் கேட்டது.

"அப்துல்லான்னுதானே சொல்லி அனுப்புனீங்க" என்றார் ஸுவைத்.

"அப்துல்லான்னா யாரு? நபியவங்க தலையைத் தடவி 'இந்தப் பிள்ளைக்கு மார்க்க ஞானத்தைக் குடு'ன்னு துஆ கேட்ட பிள்ளை. நபியவங்க சொன்ன ஒரு ஹதீஸைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு மத்தியான வெயில்ல இன்னொருத்தர் வாசல்ல புழுதி மூடப் படுத்துக் கெடந்தவங்க. பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எந்த ஊருப் பச்சப்பிள்ளைக்கு?"

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழவர்களும் அந்த இரண்டு பெரியவர்களைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், இருவருக்கும் இருவர் மேலும் அத்தனை மரியாதை. வாப்பா இப்னு மஸ்ஊதின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி "அல்லாஹ் அவங்களைப் பொருந்திக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். ஸுவைதும் அப்படியே. பெரியவர்களை அப்படி மரியாதையாக ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, ஊர்களை வைத்து அடித்துக்கொண்டார்கள்.

"உங்க ஊருத் தண்ணியைக் குடிச்சா மீனுக்கே தாகம் எடுக்கும்" என்றார் ஸுவைத்.

"உங்க ஊர்க்காரன் காலைல ஒருத்தருக்குக் கையடிச்சு வாக்குக் குடுப்பான், சாயங்காலம் அவரையே யாருன்னு கேப்பான். சம்மதம்னு சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசுறீங்களே, இதுதான் கூஃபா வாக்கு."

"மாத்திப் பேசுறது நானா? என் பேரனுக்கு என் ஊர்ப் பெரியவங்க பேருன்னு நம்பி ஆட்டை ஏத்திட்டு வந்தவன் நான்."

"ஒரே பேருதானே வாப்பா" என்றேன் நான். "அப்துல்லான்னு கூப்புட்டா ரெண்டுக்கும் அவன்தானே திரும்பிப் பார்க்கப் போறான்."

இருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். மீன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஏழாம் நாள் விருந்தில் யார் நினைவாக இந்தப் பெயர் என்று சபையில் சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இரண்டு பேரின் மானமும் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஸுவைத் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "நாளைக்குக் கால்வாய்ல நீர் ஏறுறப்ப என் படகு கெளம்புது. அதுக்குள்ள எங்க அப்துல்லா பேருன்னு சபையில சொன்னா, இருந்து சாப்பிட்டுட்டுப் போறேன். இல்லேன்னா என் மகளும் பேரனும் என்கூட வர்றாங்க. நாப்பது நாளைத் தாய் வீட்டுல கழிக்கட்டும். பேரை கூஃபாவுல வெச்சுக்கறேன்."

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார் வாப்பா. சொன்ன மறுகணம் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் சொன்னது சொன்னதுதான், பஸ்ராக்காரர் ஆயிற்றே.

நாற்பது நாள் என்பது எப்படி நீளும் என்று எனக்குத் தெரியும். கோபத்தோடு தாய் வீடு போன பெண்ணை யார் முதலில் அழைப்பது என்பதில் இரண்டு வருஷம் போன வீடுகள் இந்தத் தெருவிலேயே உண்டு.

இத்தனை நேரமும் ஸிமாக் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். பிள்ளையைப் பெற்றவன். சண்டையில் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனும் தலையை நிமிர்த்தவில்லை. மீன் துண்டில் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சதையை மட்டும் ஒரு தட்டில் வைத்து, அதை உள்ளே கொண்டுபோய் உனைஸாவின் பக்கத்தில் வைத்தான். பிறகு மூலையிலிருந்த சாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சாடிக்கு ஒரு கதை உண்டு. உனைஸா வந்த புதிதில் எங்கள் கால்வாய்த் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கவில்லை. கடல் நீர் ஏறி இறங்கும் கால்வாய், உப்புக் கரிக்கத்தான் செய்யும். "ஃபுராத்து ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த மகாராணி" என்று வாப்பா கேலி செய்தார். நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை சொன்னேன். ஸிமாக் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தினமும் துடுப்புப் போட்டு மேலாற்றுக்குப் போய், ஒரு சாடி நல்ல தண்ணீர் கொண்டுவந்து அவள் அறை வாசலில் வைத்தான். இன்றுவரை ஒரு நாள் தப்பியதில்லை. அது யாருக்கு என்றோ, எங்கிருந்து என்றோ அவன் வாயால் சொன்னதும் இல்லை.

சாயங்காலம் நான் உள்ளே போனபோது உனைஸா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மீன் தட்டு தொடாமல் இருந்தது.

"என்ன காரியம் பண்ற? பெத்து ஏழு நாள்கூட ஆகல. படகுல உக்காந்து சதுப்பு நெலத்தைத் தாண்டிப் போற ஒடம்பா இது?"

"எங்க வாப்பா கூப்புடுறாரு, மதினி."

"அவரு கூப்புட்டா? உனக்கும் அந்த மஸ்ஊத் மகன் பேருதான் வேணுமா?"

"எனக்கு எந்தப் பெரியவங்க பேரா இருந்தாலும் பரக்கத்துதான். பேருக்காக நான் போகல." மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "உங்க தம்பி ஒரு வார்த்தை சொல்லணும். 'அவ வரமாட்டா, இது அவ வீடு'ன்னு. நாளைக்கு அந்தச் சபையில, எங்க வாப்பா முன்னாடி, உங்க வாப்பா முன்னாடி. அத மட்டும் சொல்லட்டும், நான் நகர மாட்டேன். சொல்லலேன்னா போயிடுவேன். போனா திரும்பவும் மாட்டேன்."

"அவன் சுபாவம் அப்படி. வாய்தான் இல்ல, மனசு தங்கம். அந்தச் சாடியை நெனச்சுப் பாரு."

"தண்ணி சுமக்கறதைக் கழுதையும் செய்யும், மதினி. பேசறது மனுஷந்தான் செய்யணும்."

இவளைக் கூஃபாக்காரி, கூஃபாக்காரி என்று நான் எத்தனை குத்தல் சொல்லியிருக்கிறேன். இருந்தும் அந்த மூட்டையைப் பிடித்து இழுத்தேன், அவள் விடவில்லை. இந்த வீட்டில் எனக்குச் சமமாகப் பதில் கொடுக்கிற வாய் அது ஒன்றுதான். அது போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

நேரே தோப்புக்குப் போனேன். பாளை வெடிக்கும் பருவம். ஆண் மரத்துப் பூவைப் பெண் மரத்துப் பாளையில் தூவிக் கட்டுவதற்காக ஸிமாக் ஓர் உயர்ந்த மரத்தின் கொண்டையில் உட்கார்ந்திருந்தான்.

"டேய், எறங்கு."

இறங்கவில்லை.

"உன் பொண்டாட்டி மூட்டை கட்டிட்டா. நீ சபையில வாயத் தொறக்கலேன்னா நாளைக்குப் படகு ஏறிடுவா. காதுல விழுதா?"

மட்டை அசைந்தது. மேலேயிருந்து குரல் வந்தது. "நான் என்ன பேசறது? வாப்பா பக்கம் பேசினா மாமா மனசு நோகும். மாமா பக்கம் பேசினா வாப்பா மனசு நோகும்."

"ரெண்டு கெழவங்களும் நல்லா நோகட்டும். நாளு முழுக்கத் திங்கறதுக்கும் தூங்கறதுக்கும் நடுவுல அவங்களுக்கு ஒரு வேலை வேணாமா? அவ பக்கம் பேச உனக்கு வாயில்லையா, இல்ல வாயில பேரீச்சங்கொட்டைய அடக்கி வெச்சிருக்கியா?"

மறுபடியும் மட்டை அசைந்தது. அடுத்த கேள்வி மெதுவாக வந்தது. "அவ என்ன சொன்னா?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு, தம்பிதானே, படட்டும் என்று சொல்லிவிட்டேன். "தண்ணி சுமக்கறதைக் கழுதையும் செய்யுமாம். பேசறது மனுஷன் செய்யணுமாம்."

பூத்தூள் மட்டும் என் தலையில் கொட்டியது. முக்காட்டை உதறிக்கொண்டு, இவனைப் பெற்றதற்கு உம்மா இன்னொரு மரத்தைப் பெற்றிருக்கலாம், காயாவது காய்த்திருக்கும் என்று திட்டியபடி வீட்டுக்கு வந்தேன்.

ஏழாம் நாள் காலை முற்றம் நிறைந்துவிட்டது. பெண்கள் உள்வாசலில் நின்றோம். நாவிதர் பைரூஸ் தரையில் பாயை விரித்துச் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாரசீக வம்சம், எங்கள் தெருவில் பாதித் தலைகளுக்குப் பிறந்த முடி எடுத்தவர். முடி எடுத்து முடிந்ததும் தலையில் குங்குமப்பூ பூசி, பெயரைச் சொல்லி, பிறகு ஆடு. அதுதான் முறை.

கால்வாயில் நீர் ஏறத் தொடங்கியிருந்தது. ஸுவைதின் பை படித்துறையில், உனைஸாவின் மூட்டை அவள் கையில். வாப்பா யாரையும் பார்க்காமல் தாடியை நீவிக்கொண்டிருந்தார். அவர் விடிய விடியத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் என்னிடம் வந்து, "அந்தக் கூஃபாக்காரன் சாப்பிட்டானா?" என்று வேறு கேட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்க நாக்கு வரவில்லை.

குழந்தையை பைரூஸ் மடியில் கிடத்தினார்கள். கத்தி பட்டபோது அது அழவில்லை. அதன் வலது காதுக்குப் பக்கத்தில் வாப்பா வந்து குந்தினார். அதைப் பார்த்ததும் இடது காதுக்குப் பக்கத்தில் ஸுவைத் குந்தினார். இரண்டு பேரும் அந்தக் காதுகளில் சொல்லப்போவது ஒரே சொல். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, ஆனால் இருவரும் இடத்தை விடுவதாக இல்லை.

"பெரியவங்களே, எனக்குக் கையாட எடம் விடுங்க" என்றார் பைரூஸ். "நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? பஸ்ராவும் வேணாம், கூஃபாவும் வேணாம். பொதுவா மதீனாக்காரரை வெச்சுக்குவோம். உமரு மகன் அப்துல்லா. அவங்களுக்கு என்ன குறை?"

"நீ செரைக்கிற வேலையப் பாரு" என்றார்கள் இரண்டு பேரும். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பைரூஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி முடியையும் எடுத்தார். குங்குமப்பூக் கிண்ணம் கைக்குக் கை வந்தது. மொட்டைத் தலை மஞ்சளாக மின்னியது. படித்துறையிலிருந்து படகுக்காரன் குரல் கொடுத்தான். "நீர் ஏறிடுச்சு. வர்றவங்க வரலாம்."

ஸுவைத் வாப்பாவைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"நான் சொன்னதுதான்."

"சரி." அவர் எழுந்தார். முழங்கால் சத்தம் கேட்டது. "உனைஸா, பிள்ளையை எடுத்துக்க. கெளம்பலாம்."

உனைஸா வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்கு இறங்கினாள். ஸிமாக் தூணோரம் நின்றிருந்தான். தோப்பிலிருந்து நேரே வந்திருப்பான் போல, தலையெல்லாம் பூத்தூள். அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. முக்காட்டு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பிக் குழந்தைப் பக்கம் நடந்தாள்.

"பைரூஸ் பாய்" என்றது ஒரு குரல். யார் என்று தேட வேண்டியிருந்தது, அத்தனை அபூர்வமான குரல். "பிள்ளைய என்கிட்ட குடுங்க."

பைரூஸ் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். ஸிமாக் அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. அவன் தொண்டையைச் செருமியதும் முற்றமே அடங்கிவிட்டது. பேச்சைக் கேட்பதற்காக இல்லை, இவன் பேசுவதைப் பார்ப்பதற்காக.

"எந்த அப்துல்லான்னுதானே கேக்குறீங்க" என்றான். "எந்த ஊர்லயும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான். அப்பன் பேரைச் சொல்லுவாங்க. அவங்க அப்பாஸ் மகன் அப்துல்லா. இவங்க மஸ்ஊத் மகன் அப்துல்லா." குழந்தையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "இவன் ஸிமாக் மகன் அப்துல்லா. நான் இருக்கேன்ல? என்கிட்ட யாரும் கேக்கவே இல்லயே."

குழந்தையை மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டான்.

"அந்த ரெண்டு பெரியவங்களும் எனக்கு உசுரு. ரெண்டு பேரு கதையையும் நானே சொல்லி இவனை வளப்பேன்."

"அதுக்கு நீ தெனமும் பேசணுமேப்பா" என்றார் பைரூஸ். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஸிமாக் சிரிக்கவில்லை. மாமனார் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. உங்களுக்கு அவசரம்னா போங்க, நான் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் விடுறேன். ஆனா அவ வரமாட்டா. இது அவ வீடு." பிறகு வாப்பாவிடம், "வாப்பா, 'தாராளமாக் கூட்டிட்டுப் போங்க'ன்னு நேத்து சொன்னீங்க. அதை நீங்க சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

இரண்டு கிழவர்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரமும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருந்தவர்கள், அந்தக் கோபத்தை இப்போது யார்மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஸுவைத்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பக்கார், உங்க மகன் ஊமைன்னுதானே எங்க ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"நானே அப்படித்தானே நெனச்சிருந்தேன்" என்றார் வாப்பா.

"பெத்தவங்கள நிக்க வெச்சுப் பேசுறான்."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான். நீங்க உக்காருங்க, முழங்கால் வலிக்கும்."

ஸுவைத் உட்கார்ந்தார். வாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். படகுக்காரன் மறுபடி குரல் கொடுத்தான். "நீர் நாளைக்கும் ஏறும், நீ வந்து சாப்பிடு" என்று கத்தினார் வாப்பா. ஸிமாக் குனிந்து, குழந்தையின் காதில் பெயரைச் சொன்னான். அதை அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு கிடாய்களை அவிழ்க்கப் போனார்கள். இரண்டும் ஒட்டி நின்றுகொண்டு பிரிய மாட்டேன் என்றன. எது பஸ்ரா கிடாய் எது கூஃபா கிடாய் என்று கடைசியில் யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டின் நடுவில் ஸுவைத் குழந்தையின் காலை மெல்லத் தொட்டு, "என்ன இருந்தாலும் காலு மெலிசுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன். "அறிவான நெத்தி" என்று வாப்பா இன்னொரு பக்கம் முணுமுணுத்தார். சொல்லிக்கொள்ளட்டும். அதற்குமேல் கிழவர்களைத் திருத்த முடியாது.

நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது உனைஸா மூட்டையைப் பிரித்துத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "மதினி, அந்த மீனு நேத்து வெச்சது, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றாள்.

ஸிமாக் வாசலில் வந்து நின்றான். பேசின களைப்பு முகத்தில் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை எந்தப் பெயரும் சொல்லி அழைத்ததில்லை. "இந்தாங்க" என்பாள், இல்லையென்றால் என்னிடம் சொல்லி அவனிடம் சொல்லச் சொல்வாள். அன்றைக்கு நிமிர்ந்து அவனைப் பார்த்து, "அப்துல்லா வாப்பா" என்றாள்.

அவன் அசையாமல் நின்றான்.

"சாடி காலியாக் கெடக்கு. பேசக் கத்துக்கிட்டா தண்ணி கொண்டுவர்றது விட்டுப்போயிடுமா?"

ஸிமாக் சாடியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போனவன், படியில் நின்று திரும்பினான்.

"போயிட்டு வர்றேன்" என்றான்.